பழைய யன்னல் எங்கே போகின்றது?

வீட்டைத் திருத்திக் கட்டும்போது கழற்றப்படும் அலுமினிய யன்னல்களும் கதவுகளும் பெரும்பாலும் மதிலோரம் சாத்தி வைக்கப்படுகின்றன. சில நாட்களில் பழைய இரும்பு வாங்குபவர் வருவார். நிறுத்துப் பார்த்து, கிலோவுக்கு இவ்வளவு எனப் பணம் கொடுத்து ஏற்றிச் செல்வார். வீட்டுக்காரருக்கு அத்துடன் விடயம் முடிந்துவிடுகின்றது. அந்த உலோகம் அதன் பின்னர் எங்கு செல்கின்றது என்பது சுற்றாடலைப் பொறுத்தவரை சிறிய விடயமல்ல.

அலுமினியம் மண்ணில் உலோகமாகக் கிடைப்பதில்லை. பொக்சைட் எனும் கனியத்தில் அது ஒட்சிசனுடன் இறுகப் பிணைந்துள்ளது. நான்கைந்து தொன் பொக்சைட்டிலிருந்து இரண்டு தொன் அலுமினாவும், அதிலிருந்து ஒரு தொன் அலுமினியமும் பெறப்படுகின்றன. ஏறத்தாழ 960 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள உருகிய குழம்பில் அலுமினாவைக் கரைத்து மின்சாரத்தைச் செலுத்தியே உலோகம் பிரிக்கப்படுகின்றது. ஒரு கிலோவுக்குச் சுமார் 14 அலகு மின்சாரம் தேவைப்படும். 10 கிலோ உலோகம் கொண்ட யன்னல் ஒன்றுக்கு 140 அலகு! மாதம் 70 அலகு பாவிக்கும் குடும்பமொன்றுக்கு அது இரண்டு மாதத் தேவையாகும். உலகின் புதிய அலுமினியத்தில் பாதிக்கும் மேற்பட்டதைச் சீனா உற்பத்தி செய்கின்றது. அங்கு இதற்கான மின்சாரத்தின் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்தே கிடைக்கின்றது.

மிஞ்சும் கழிவு வேறு. அலுமினா எடுத்த பின்னர் எஞ்சும் காரத்தன்மை மிக்க செஞ்சேறு பாரிய தடாகங்களில் தேக்கி வைக்கப்படுகின்றது. 2010 ஒக்டோபர் 4ஆம் திகதி ஹங்கேரியின் ஐக்கா நகருக்கு அருகே அத்தகைய தடாகமொன்றின் அணை உடைந்து கொலொந்தார் கிராமத்தைச் சேறு மூடியது. அந்த அனர்த்தத்தில் 10 பேர் உயிரிழந்தனர்.

பழைய அலுமினியத்தை மீண்டும் உருக்குவதற்கு இவை எதுவும் வேண்டியதில்லை. ஒட்சிசன் ஏற்கனவே பிரிக்கப்பட்டுவிட்டது. 660 பாகையில் உலோகம் உருகும். புதிய உலோகத்துக்கு வேண்டிய சக்தியில் ஏறத்தாழ 5 சதவீதமே இதற்குச் செலவாகின்றது. பொக்சைட்டிலிருந்து அலுமினியம் எடுக்கும் ஆலை எதுவுமில்லாத எமது நாட்டுக்கு, ஏற்கனவே உள்ளே வந்துவிட்ட உலோகமே சுரங்கம் போன்றது.

ஆனால் இங்கு ஒரு சிக்கல் உண்டு. யன்னல் சட்டத்துக்கான கலப்புலோகத்தில் மக்னீசியமும் சிலிக்கனும் மிகச் சிறிய அளவிலேயே சேர்க்கப்படுகின்றன. வாகன இயந்திரப் பாகங்களில் சிலிக்கன் பல மடங்கு அதிகம். இரண்டையும் ஒரே உலையில் போட்டால் மேலதிக சிலிக்கனையும், திருகாணிகளிலிருந்து கலக்கும் இரும்பையும் இலகுவில் பிரித்தெடுக்க இயலாது. அந்த உலோகம் மீண்டும் யன்னலாவது கடினம். தரம் குறைந்த வார்ப்புப் பொருளாகவே மாறும். அப்போது புதிய யன்னலுக்குப் புதிய உலோகத்தையே தேடவேண்டி வரும். இரசாயனப் பூச்சையும் இறப்பரையும் அகற்றாமல் திறந்த வெளியில் உருக்கினால் எழும் நச்சுப் புகையை அயலவர்களே சுவாசிக்க வேண்டியுள்ளது.

மீள்சுழற்சி உலோகம் என்ற விளம்பரத்தையும் சற்று விசாரித்துப் பார்ப்பது நல்லது. தொழிற்சாலையிலேயே வெட்டி ஒதுக்கிய துண்டுகளை உருக்குவதும் மீள்சுழற்சியாகக் கணக்கிடப்படுவதுண்டு. பாவித்துக் கழித்த பொருளிலிருந்து எத்தனை சதவீதம் என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

மரத்தைவிட அலுமினியம் எப்போதும் மேலானது என்றும் கூறிவிட முடியாது. முறையாக மீள்நடுகை செய்யப்படும் காட்டிலிருந்து வரும் மரத்துக்குச் சக்தி குறைவாகவே செலவாகின்றது. அலுமினியமோ மரத்தைவிட ஆயிரம் மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும்; மேற்கு வெயில் விழும் சுவரில் மழைத்தட்டின்றி அதனைப் பொருத்தினால் அறை சூடாகும். எனினும் மன்னார், காத்தான்குடி, கல்முனை போன்ற கரையோரங்களில் உவர்க்காற்றில் இரும்பு துருப்பிடிக்க, மரத்தைக் கறையான் அரிக்க, மக்கள் அலுமினியத்தை நாடுவதில் வியப்பில்லை.

யன்னலைக் கழற்றும் தொழிலாளரிடம் கண்ணாடி, இறப்பர், பிணைச்சல், இரும்புத் திருகாணி ஆகியவற்றைத் தனியாக்கித் தருமாறு கேட்கலாம். சில மணி நேர வேலைதான். வேறு உலோகம் கலவாத சுத்தமான சட்டங்களுக்குப் பழைய இரும்புக் கடைகளில் கூடுதல் விலை கிடைப்பதும் உண்டு.