காலைக் காக்கும் கணக்கு

பெங்களூருக்குப் பக்கத்தில் உள்ள சந்தாபுரா சந்திப்பில் ஓசூர் ரோடு ஓய்ந்திருந்து பார்த்திருக்கிறீர்களா? ஒரு பக்கம் ஆனேக்கல் ரோடு, இன்னொரு பக்கம் தொம்மசந்திரா ரோடு. பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் ஷிப்டு முடியும் நேரத்தில் கம்பெனி பஸ், லாரி, பைக் எல்லாம் ஒன்றாக வந்து சேர்ந்துகொள்ளும். இந்த மாதிரி ரோட்டில் பைக் மோதினால், பல நேரம் அடி விழுவது முழங்காலுக்குக் கீழே உள்ள கணைக்கால் எலும்பில்தான்.

உங்கள் முழங்காலுக்குக் கீழே, முன்பக்கமாக விரலால் தடவிப் பாருங்கள். தோல், உடனே எலும்பு. சதையெல்லாம் பின்பக்கம் கெண்டைக்காலில் இருக்கிறது. அதனால் இந்த எலும்பு உடையும்போது அதன் கூர்முனை சுலபமாகத் தோலைக் கிழித்துவிடும். இதற்குத் திறந்த முறிவு என்று பெயர். தோல் கிழியாமல் உள்ளேயே உடைந்தால் மூடிய முறிவு.

மூடிய முறிவில் பெரும்பாலான வேலையை உடம்பே செய்துகொள்ளும். உடைந்த இடத்தில் ரத்தம் உறையும், மெல்லிய திசு வளரும், மெல்ல மெல்ல அது எலும்பாக இறுகும். எலும்பை நேராக வைத்து, அது கூடும் வரை அசையாமல் பார்த்துக்கொள்வது டாக்டரின் வேலை. அதற்குத்தான் மாவுக்கட்டு, பிளேட், உள்ளே செலுத்தும் கம்பி எல்லாம்.

திறந்த முறிவு அப்படியில்லை. மண்ணும் கிருமியும் எலும்பு வரை போய்விடும். 1865இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஜேம்ஸ் கிரீன்லீஸ் என்ற 11 வயதுப் பையனின் காலில் வண்டிச் சக்கரம் ஏறி, எலும்பு முறிந்து புண்ணானது. அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட புண் பெரும்பாலும் அழுகும். உயிரைக் காப்பாற்றக் காலையே வெட்டிவிடுவார்கள். ஜோசப் லிஸ்டர் என்ற டாக்டர், கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியைப் புண்ணின் மேல் வைத்துக் கட்டினார். புண் அழுகவில்லை. சுமார் ஆறு வாரத்தில் எலும்பு கூடிவிட்டது.

கிருமியை அடக்கினால் மட்டும் போதுமா? எலும்புக்கு உயிர் இருக்கிறது. அதற்கு ரத்தம் வேண்டும். உள்ளே மஜ்ஜை வழியாகவும், வெளியே அதைப் போர்த்தியிருக்கும் சவ்வு, சதை வழியாகவும் ரத்தம் வருகிறது. உடையும்போது உள்வழி அறுந்துபோகும். அப்போது வெளிப்போர்வைதான் எலும்பைக் காப்பாற்ற வேண்டும். பட்டையைச் சுற்றிலும் உரித்துவிட்டால் மரம் பட்டுப்போகிறதல்லவா, அதேபோலத்தான் போர்வை கிழிந்துபோன எலும்பும். ஆகவே, எலும்பு எத்தனை துண்டானது என்பதோடு, தோலும் சதையும் எவ்வளவு போயின என்பதையும் டாக்டர்கள் பார்த்தாக வேண்டும்.

திறந்த முறிவுகளை வகை பிரித்துக் காட்டியவர், பிலிப்பைன்சில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய ரமோன் கஸ்டிலோ. 1976இல் அவரும் ஆண்டர்சனும் வெளியிட்ட முறையை இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அதில் ஒரு சிக்கல். 1984இல் சேர்த்த 'மூன்று-பி' என்ற வகைக்குள், ஓரளவு தோல் போன காலும் நசுங்கிச் சிதைந்த காலும் ஒன்றாக வந்துவிடும். எந்தக் காலைக் காப்பாற்ற முடியும் என்று அந்தப் பெயரால் மட்டும் சொல்ல முடியாது.

இந்தச் சிக்கலுக்கு விடை தேடியவர்கள் நம் கோயம்புத்தூரில் இருக்கிறார்கள். கங்கா மருத்துவமனையில் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரனும் அவருடைய குழுவும் ஒரு மதிப்பெண் முறையை உருவாக்கினார்கள். 109 கணைக்கால் முறிவுகளில் சோதித்து, 2006இல் வெளியிட்டார்கள். அங்கே எலும்பு மருத்துவரும் பிளாஸ்டிக் சர்ஜனும் முதல் ஆபரேஷனிலேயே சேர்ந்து நிற்கிறார்கள். ராஜசேகரனின் சகோதரர் எஸ். ராஜசபாபதி பிளாஸ்டிக் சர்ஜன்!

முறை இதுதான். தோலுக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண். எலும்புக்கு 1 முதல் 5. சதை, தசைநாண், நரம்பு மூன்றுக்கும் சேர்த்து 1 முதல் 5. சேதம் கூடக் கூட மதிப்பெண்ணும் கூடும். பிறகு, நிலைமையை மோசமாக்கும் 7 காரணங்கள். அவற்றில் எது இருந்தாலும் தலா 2 கூட்ட வேண்டும். சாக்கடை அல்லது தொழுவத்து அழுக்கு பட்டது, 65 வயதைத் தாண்டியது, ரத்த அழுத்தம் மிகவும் இறங்கியது போன்றவை அந்தக் காரணங்கள். மொத்தம் 14 வரை வந்தால் காலைக் காப்பாற்றப் பார்ப்பார்கள். 17 அல்லது அதற்கு மேல் போனால் காலை எடுப்பதே அடிபட்டவருக்கு நல்லது. 15, 16 வந்தால் அனுபவமுள்ள டாக்டர்கள் ஒவ்வொருவரின் நிலையையும் பார்த்து முடிவு செய்வார்கள். முக்கிய ரத்தக் குழாய் அறுந்துபோன கால்களுக்கு இந்தக் கணக்கு இல்லை.

கற்பனையாக ஒரு கணக்குப் போடுவோம். தோல் 4, எலும்பு 4, சதை 3. கூட்டினால் 11. விழுந்தது சாக்கடையில் என்பதால் 2 கூட்டுங்கள், 13. இன்னும் நம்பிக்கை இருக்கிறது. ஆனால் அடிபட்டு 12 மணி நேரத்துக்குப் பிறகுதான் ஆபரேஷன் தியேட்டரில் புண்ணைச் சுத்தம் செய்ய முடிந்தது என்றால் அதற்கும் 2. இப்போது 15! காயம் அதேதான், கால் மட்டும் சந்தேக எல்லைக்குள் போய்விட்டது. இந்தக் கணக்கில் என் மனதை மிகவும் தொட்ட இடம் இதுதான். அடிபட்ட நொடியை யாராலும் மாற்ற முடியாது. அந்தக் கடைசி 2 மதிப்பெண்ணை ரோட்டில் நிற்பவர்களால் தடுக்க முடியும்.

எப்படி? உடனே பெரியவர்களைக் கூப்பிடுங்கள், 108க்குப் போன் செய்யச் சொல்லுங்கள். கர்நாடகாவிலும் தமிழ்நாட்டிலும் அதே எண்தான். வெளியே தெரியும் எலும்பை யாரும் உள்ளே தள்ளக் கூடாது. மஞ்சள்தூள், காப்பித்தூள் எதையும் போடக் கூடாது. சுத்தமான துணியால் மூடி, காலை அசைக்காமல் வைத்திருந்தால் போதும். ரத்தம் பெருகினால் பெரியவர் ஒருவர் துணியோடு சேர்த்து அழுத்திப் பிடிக்கலாம். போலீஸ், கேஸ் என்று பயந்து விலகிப் போகிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள்: 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவுகிறவர்களுக்குப் பாதுகாப்புத் தருகிறது. அவர்கள் விரும்பாவிட்டால் பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை.