பகலில் குமாஸ்தா! மாலையில் நாடக ஆசிரியர்!

போளூர் பஸ் நிலையத்தில் இந்தக் காட்சியை அடிக்கடி பார்க்கலாம். சென்னையில் தற்காலிக வேலை கிடைத்த பையன் பெட்டியோடு நிற்பான். வழியனுப்ப வந்த தாய் இரண்டே விஷயம் சொல்லுவாள். ஒன்று, "வேளைக்குச் சாப்பிடுடா!" மற்றொன்று, "சினிமா சினிமா என்று அலையாதே!"

தாயின் கவலையில் தப்பு இல்லை. வேலையோ மூன்று மாதமோ, ஆறு மாதமோ! ஆபீஸ் விட்டால் அறையில் தனிமை. பழைய படங்களோ இப்போது கைபேசியிலேயே கிடைக்கின்றன.

1950-ம் ஆண்டில் இப்படித்தான் ஒரு வாலிபர் வேலைக்காகச் சென்னை வந்தார். அவருக்கும் சினிமா ஆசை உண்டு. அவர் யார் தெரியுமா?

டைரக்டர் கே.பாலசந்தர்!

முன்சீப் மகன்

நன்னிலம் பக்கத்தில் உள்ள நல்லமாங்குடி அவருடைய ஊர். தந்தை கிராம முன்சீப். எட்டு வயதிலேயே தியாகராஜ பாகவதர் படங்களை ஆசையோடு பார்த்தவர் பாலசந்தர்.

1949-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். படித்தது விலங்கியல்! முத்துப்பேட்டையில் பள்ளி ஆசிரியராக இருந்தார். மறு ஆண்டு, சென்னை அக்கவுண்டண்ட் ஜெனரல் ஆபீசில் பயிற்சிக் குமாஸ்தாவாகச் சேர்ந்தார்.

அரசாங்கத்தின் வரவு செலவுக் கணக்கைப் பார்க்கும் ஆபீஸ் அது. கற்பனைக்கு அங்கே வேலை இல்லை. ஒரு காசு உதைத்தாலும் விடமாட்டார்கள்!

ஆபீஸ் விட்ட பிறகு

மாலையில் அவர் வேறு மனிதர். பொழுதுபோக்கு நாடகக் குழு ஒன்றில் சேர்ந்தார். பிறகு சொந்தமாகவே குழு தொடங்கினார். நாடகம் எழுதினார். அவரே இயக்கினார்.

அந்தக் காலத்துச் சபா நாடகக்காரர்கள் பலருக்கு இதுதான் வாழ்க்கை. பகலில் சம்பளத்துக்கு வேலை. மாலையில் ஆசைக்கு ஒத்திகை. அவர் நாடகங்களில் நடித்த நாகேஷ் ரெயில்வேயில் குமாஸ்தாவாக இருந்தவர். ஸ்ரீகாந்த் அமெரிக்கத் தூதரகத்தில் வேலை பார்த்தவர்.

"மேஜர் சந்திரகாந்த்" நாடகம் பெரும் புகழ் தேடித் தந்தது. பார்வை இழந்த ஓய்வு பெற்ற மேஜரின் கதை அது. மேஜராக நடித்த சுந்தரராஜனுக்கு "மேஜர்" என்பது பெயரோடு ஒட்டிக்கொண்டது. பட்டாளத்துக்குப் போகாமலே மேஜர் ஆனவர் அவர்! 1965-ல் இந்த நாடகம் "ஊஞ்சே லோக்" என்று இந்திப் படமாகவும் வந்தது.

எம்.ஜி.ஆர். அழைத்தார்

பாலசந்தர் ஆபீசில் சூப்பிரண்டெண்ட் ஆகிவிட்ட சமயம். "தெய்வத்தாய்" படத்துக்கு வசனம் எழுத வேண்டும் என்று எம்.ஜி.ஆர். அழைத்தார்.

வேறு ஒருவர் என்றால் அன்றே ராஜினாமா கடிதம் எழுதியிருப்பார். பாலசந்தர் தயங்கினார்! அவர் மனம் நாடக மேடையில் இருந்தது. 1956-ல் கல்யாணம் ஆகியிருந்தது. குடும்பப் பொறுப்பும் உண்டு. நண்பர்கள் வற்புறுத்திய பிறகே எழுத இசைந்தார்.

1964-ல் "தெய்வத்தாய்" வெளிவந்தது. அவர் சென்னைக்கு வந்து 14 ஆண்டுகள் ஆகியிருந்தன. அதே ஆண்டில் அவருடைய "சர்வர் சுந்தரம்" நாடகம் ஏவி.எம். படமாக வந்தது. ஓட்டல் சர்வர் சினிமா நட்சத்திரம் ஆகும் கதை. 1965-ல் "நீர்க்குமிழி" மூலம் டைரக்டர் ஆனார். 2010-ம் ஆண்டுக்கான தாதா சாகேப் பால்கே விருது அவரைத் தேடி வந்தது. 2014-ல் காலமானார்.

சம்பளக்காரர் கதைகள்

மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் கஷ்டம் அவருக்குத் தெரியும். அவருடைய பல படங்களில் அது தெரிகிறது. 1967-ல் வந்த "பாமா விஜயம்" படத்தில் ஒரு நடிகை பக்கத்து வீட்டுக்குக் குடிவருகிறாள். அவளை விருந்துக்கு அழைக்க ஆசைப்பட்டு மருமகள்கள் கடனுக்குச் சாமான் வாங்கிக் குவிக்கிறார்கள். வீடு என்ன ஆகும்? மாமனாராக வரும் டி.எஸ்.பாலையாவின் முகத்தைப் பார்த்தாலே தெரியும்!

"வறுமையின் நிறம் சிவப்பு" (1980) படத்தில், படித்துவிட்டு டெல்லியில் வேலை தேடி அலைகிறான் ஒரு வாலிபன். பசியை மறைக்க அவன் படும் பாடு கண்ணீரை வரவழைக்கும்.

1981-ல் வந்த "தில்லு முல்லு" சிரிக்க வைக்கும் படம். ரஜினிகாந்த் பொய் சொல்லி லீவு போட்டுவிட்டுப் பந்தயம் பார்க்கப் போகிறார். முதலாளி கண்ணில் பட்டுவிடுகிறார்! தப்பிக்க, மீசை இல்லாத இரட்டைச் சகோதரன் ஒருவன் இருப்பதாகப் புளுகுகிறார். அப்புறம் மீசையை வைத்துக்கொண்டு ஆபீசும், மீசை இல்லாமல் முதலாளியின் வீடுமாக அவர் ஓடும் ஓட்டம் இருக்கிறதே!

போளூர்ப் பையன் முதல் தடவை லீவு கேட்பதற்குள் இந்தப் படத்தைப் பார்த்துவிடுவது நல்லது.