சுட்டுநிறப் படங்களும் பிட் ஆழமும்: மலையக மண்சரிவு வரைபடங்களை முன்வைத்து ஒரு விளக்கம்

நுவரெலியா மாவட்டத்தைச் சேர்ந்த வலப்பனை, தேயிலைத் தோட்டங்களும் மரக்கறித் தோட்டங்களும் நெல்வயல்களும் அடுத்தடுத்து அமைந்த செங்குத்தான மலைச்சரிவுப் பிரதேசமாகும். 2007ஆம் ஆண்டு சனவரி மாதப் பெருமழையின்போது வலப்பனை, ஹங்குரன்கெத்தைப் பகுதிகளில் நிகழ்ந்த மண்சரிவுகள் பல உயிர்களைப் பலிகொண்டன. 2014 ஒக்டோபர் 29இல், பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தின் லயன்கள் மண்ணுள் புதையுண்டன. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டிட்வா புயலின்போதும் மலையகம் இத்துயரை அனுபவித்தது. இவ்வனர்த்தங்களை முன்னறிவிக்கும் பணியைத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் ஆற்றி வருகின்றது. இந்நிறுவனம் இருவகை வரைபடங்களை வெளியிடுகின்றது. ஒன்று, 1:10,000 போன்ற அளவுத்திட்டங்களில் நிலத்தின் ஆபத்து நிலையை வகுத்துக் காட்டுவது. மற்றையது, மழைக்காலத்தில் பிரதேச செயலகப் பிரிவுகளுக்கு மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்னும் மூன்று படிகளில் எச்சரிக்கை விடுப்பது. மஞ்சள் விழிப்பாயிருக்கவும், செம்மஞ்சள் வெளியேற ஆயத்தமாயிருக்கவும், சிவப்பு வெளியேறவும் பணிக்கின்றன.

இவ்வரைபடங்கள் தோட்டப்புற மக்களைச் சென்றடையும் வழி பெரும்பாலும் கைத்தொலைபேசியே. சமிக்ஞை குன்றிய மலை மடிப்புகளில் பெரிய கோப்புகள் எளிதில் இறங்குவதில்லை. ஆகவே படத்தின் அளவைச் சுருக்க வேண்டியுள்ளது. அவ்வாறு சுருக்கும்போது நிறங்களுக்கு என்ன நேர்கின்றது, எதனைக் கட்டுப்படுத்தினால் பொருள் சிதையாது என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கணினியில் ஒரு படம் புள்ளிகளின் நிரலாகவே சேமிக்கப்படுகின்றது. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று கூறுகளுக்கும் எட்டெட்டுப் பிட்களாக 24 பிட் ஒதுக்குவது பொதுவழக்கு. அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற அடர்த்தியில் ஏ4 தாளொன்றை ஸ்கேன் செய்தால் 2,480 × 3,508, அதாவது 8,699,840 புள்ளிகள் கிடைக்கும். 24 பிட் முறையில் இதற்கு 26,099,520 பைட் வேண்டும்.

சுட்டுநிற முறை இதனை வேறு வகையில் அணுகுகின்றது. படத்தில் வரும் நிறங்கள் முதலில் ஓர் அட்டவணையில் எழுதப்படும்; ஒவ்வொரு புள்ளியும் நிறத்தைத் தாங்காமல், அட்டவணையின் எத்தனையாவது இடம் என்னும் சுட்டெண்ணை மாத்திரம் தாங்கும். அச்சுட்டெண்ணுக்கு ஒதுக்கும் பிட்களின் எண்ணிக்கையே இங்குப் பிட் ஆழம் எனப்படுகின்றது. ஒரு பிட்டாயின் 2 நிறங்கள், இரண்டாயின் 4, நான்காயின் 16, எட்டாயின் 256. மேற்சொன்ன தாள் எட்டுப் பிட்டில் 8,699,840 பைட்டாகவும், நான்கு பிட்டில் 4,349,920 பைட்டாகவும், ஒரு பிட்டில் 1,087,480 பைட்டாகவும் சுருங்கும். அட்டவணை தானே பிடிக்கும் இடம் அற்பம்: 16 நிறங்களுக்கு 48 பைட். இவை செறிவாக்கத்துக்கு முந்திய அளவுகள். ஒரே நிறம் பரந்து கிடக்கும் வரைபடங்கள் செறிவாக்கத்தில் மேலும் வெகுவாகக் குறையும். 1987இல் வந்த ஜிஃப் வடிவமும், 1996இல் தரமாக ஏற்கப்பட்ட பி.என்.ஜி. வடிவமும் இம்முறையைக் கையாள்பவை. பி.என்.ஜி. சுட்டுநிறத்துக்கு 1, 2, 4, 8 என்னும் ஆழங்களையே ஏற்கும். எனவே 16 நிறத்துக்கு நான்கு பிட் போதும். ஒரு நிறம் கூடிப் பதினேழானால் எட்டுப் பிட் வேண்டும்.

எந்த நிறங்களை அட்டவணையில் ஏற்பது என்பதே அடுத்த வினா. பொறியிடம் விட்டுவிட்டால் அது எண்ணிக்கையைக் கொண்டே முடிவு செய்யும். போல் ஹெக்பெர்ட் 1982இல் வெளியிட்ட இடைநிலை வெட்டு முறை, நிறவெளியைப் பெட்டிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பெட்டியிலும் ஏறத்தாழச் சம எண்ணிக்கையான புள்ளிகள் அடங்குமாறு செய்கின்றது. பின்னர் பெட்டியின் சராசரி நிறமே அட்டவணைக்கு வருகின்றது. புகைப்படங்களுக்கு இது சிறந்த முறையே. வரைபடத்துக்கு இதனை அப்படியே பிரயோகித்தால் யாது நிகழும்?

ஓர் எடுத்துக்காட்டை நோக்குவோம். 1:10,000 அளவுத்திட்ட வரைபடமொன்றில், மிகவுயர்ந்த ஆபத்தைக் குறிக்கும் நிறம் சிவப்பு எனவும், அது 40 × 60 புள்ளிகள் கொண்ட திட்டாக உள்ளது எனவும் கொள்வோம். தாளில் இது 3.4 மில்லிமீற்றருக்கு 5.1 மில்லிமீற்றர், நிலத்தில் ஏறத்தாழ 34 மீற்றருக்கு 51 மீற்றர். ஒரு லயனும் அதன் முற்றமும் அடங்கக்கூடிய பரப்பு இது. ஆயின் மொத்தப் புள்ளிகளுள் இந்த 2,400 புள்ளிகள் பத்தாயிரத்துக்கு மூன்றினும் குறைவு. பதினாறு பெட்டிகளாகப் பிரிக்கையில் ஒவ்வொன்றிலும் சுமார் 543,740 புள்ளிகள் அடங்கும். அத்திரளுள் 2,400 சிவப்புப் புள்ளிகள் அயல் நிறங்களோடு சராசரியாகக் கரைந்துபோகும் வாய்ப்புப் பெரிது. வெள்ளைத் தாளின் பழுப்பேறல்களும் பச்சையின் நுண்ணிய வேறுபாடுகளும் பரப்பால் மிகுந்தவை ஆதலின் அட்டவணையில் பல இடங்களைப் பிடித்துக்கொள்ளும். பரப்பில் சிறியது, பொருளில் தலையாயது, முதலில் மறைகின்றது.

இரண்டாவது இடர், இல்லாத நிறத்தை இருப்பதுபோற் காட்டும் புள்ளித் தூவலாகும். ஃபுளொயிட், ஸ்டைன்பெர்க் ஆகியோர் 1976இல் வெளியிட்ட பிழைபரப்பு முறை, ஒரு புள்ளியில் நேர்ந்த நிறப்பிழையை அயற்புள்ளிகளுக்குப் பகிர்ந்தளிக்கின்றது. கண்ணுக்கு இது இதமானது. ஆனால் செம்மஞ்சள் அட்டவணையில் இடம்பெறாதபோது மஞ்சட் புள்ளிகளையும் சிவப்புப் புள்ளிகளையும் கலந்து தூவி அதனைப் போலிசெய்யும். அருகிற் பார்ப்பவர் தாம் நிற்கும் இடம் எப்படியிலுள்ளது என அறிய இயலாது. வழவழப்பாக்கும் முறையில் படத்தைச் சிறிதாக்கும்போதும் இதனையொத்த பிழை நேரும்: மஞ்சளுக்கும் சிவப்புக்கும் இடையிலான எல்லையில் அவ்விரண்டின் சராசரி தோன்றும்; அது செம்மஞ்சளுக்கே மிக அண்மையது. எவரும் விடுக்காத எச்சரிக்கையொன்று எல்லைக்கோடு நெடுகிலும் முளைத்துவிடும்.

மூன்றாவது, ஆழத்தை ஒரு பிட்டாகக் குறைத்துக் கறுப்பு வெள்ளையாக்குவது. ஒளிர்வை 0 முதல் 255 வரை கணித்தால் தூய மஞ்சள் 226, செம்மஞ்சள் ஏறத்தாழ 188, சிவப்பு 76. நடுவெல்லை 128 எனக் கொண்டால் மஞ்சளும் செம்மஞ்சளும் வெள்ளையாகும். எச்சரிக்கையற்ற பிரதேசமும் வெள்ளையே. வெளியேற ஆயத்தமாயிருங்கள் என்ற செய்தி, அச்சமில்லை என்ற செய்தியாக மாறிவிடுகின்றது. ஒற்றை நிறத்தில் அச்சிடுவது தவிர்க்கவியலாததாயின், நிறங்களுக்குப் பதிலாகக் கோடு, புள்ளி, கட்டம் ஆகிய நிரப்பு வடிவங்களையும் தமிழ்ச் சொற்களையும் இட்டே ஒரு பிட்டுக்கு இறங்குதல் வேண்டும்.

ஆகவே முறை யாது? அட்டவணையை வரைபடத்தின் குறிவிளக்கத்திலிருந்து நாமே வகுத்தல் வேண்டும். வெள்ளை, மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு, நீர்நிலைக்கு நீலம், எல்லைக்குச் சாம்பல், எழுத்துக்குக் கறுப்பு என ஏழு நிறங்கள் எனில், பி.என்.ஜி.யில் நான்கு பிட் ஆழமே பொருந்தும். எஞ்சிய ஒன்பது இடங்களை எழுத்தின் விளிம்புகளை மென்மையாக்கும் இடைச்சாம்பல்களுக்கு வழங்கலாம். மெய்யெழுத்தின் புள்ளியும் ஊர்ப்பெயர்களும் சிறிய திரையிலும் தெளிவாக நிற்க இது உதவும். புள்ளித் தூவலை நிறுத்தி, ஒவ்வொரு புள்ளியையும் அட்டவணையின் மிக அண்மித்த நிறத்துக்கு மாற்றுதல் வேண்டும். அளவைக் குறைப்பதாயின் சராசரி எடுக்காது அண்மைப் புள்ளியைத் தெரியும் முறையைக் கையாளவேண்டும். மூல வரைபடத்தைக் குறைக்காது பேணவேண்டும்.

சொல்லொன்றிலும் கவனம் தேவை. இமேஜ்மேஜிக் என்னும் மென்பொருளில் ஆழம் எனப்படும் பொதுக்கட்டளை, ஒரு நிறக்கூற்றுக்கு எத்தனை பிட் என்பதையே குறிக்கும்; சுட்டெண்ணின் பிட் ஆழத்தை அன்று. அதில் நான்கு என்றிட்டால் 16 நிறங்கள் கிடையா. மூன்று கூறுகளிலும் பதினாறு படிகளாக 4,096 நிறங்கள்வரை எஞ்சலாம். பி.என்.ஜி.யின் பிட் ஆழத்தை வரையறுக்கும் தனிக்கட்டளையும் நிறங்களைத் தானாகக் குறைப்பதில்லை. முதலில் நிறக்குறைப்பு, அதன்பின் பிட் ஆழம் என்ற ஒழுங்கே சரியானது.

இறுதியாகச் சோதனை. மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு நிறத்திலும் எத்தனை புள்ளிகள் என எண்ணி ஒப்பிடுதல் எளிது. அளவு மாறாத படத்தில் 2,400 ஆக இருந்த சிவப்பு 2,400 ஆகவே இருத்தல் வேண்டும். அனுப்பும்போது சாதாரணப் படமாக அனுப்பினால் செயலிகள் அதனை மீண்டும் ஜேபெக் வடிவாக்கி நிறங்களைக் கலைத்துவிடும்; ஆவணமாக அனுப்பினால் கோப்பு மாறாது.

பெரும்பான்மைப் பரப்பைக் கொண்டு நிறங்களைத் தெரிவது கணிதத்தில் குற்றமன்று. ஆயின் மண்சரிவு வரைபடத்தில் எந்த நிறம் விடுபடலாகாது என்பது கணிதத்தால் மட்டும் விடை காணக்கூடிய வினா அன்று. சரிவின் அடியில் லயனில் உறங்குவோரை மனத்திற்கொண்டு, அட்டவணையின் முதலிடத்தை அச்சிறிய திட்டுக்கு ஒதுக்கிய பின்னரே ஏனையவற்றைச் சுருக்குதல் வேண்டும்.