அலையும் கவனமும் மூளையின் இரசாயனமும்

"இரவு இரண்டு மணி வரை சதுரங்கம் ஆடுகிறான், பாடத்தில் பத்துப் பக்கம் படிக்க மட்டும் முடியவில்லையாம்! சோம்பலன்றி வேறென்ன?" விடுதிகளில் இப்பேச்சுக்குப் பஞ்சமில்லை. பலரிடம் அது சோம்பலாகவே இருக்கலாம். சிலரிடமோ சிறு வயது முதல் தொடர்ந்து வரும் கவனக் குறைபாடாக, அதாவது மருத்துவர்கள் 'ஏ.டி.எச்.டி.' என்று சொல்வதாக, இருக்கக்கூடும். குழந்தைகளுக்கே உரியதென்று நெடுநாள் கருதப்பட்ட இக்குறைபாடு, வளர்ந்த பின்னும் பலரிடம் நீடிக்கிறது.

மூளையில் நிகழ்வது யாது? நரம்பணுக்களுக்கு இடையே நுண்ணிய இடைவெளி உண்டு. டோபமைன் முதலிய இரசாயனப் பொருள்கள் அதைக் கடந்து செய்தி சொல்கின்றன. அக்கரையில் ஏற்பிகள் அவற்றை வரவேற்கின்றன. இக்கரையிலுள்ள கடத்திகள் எஞ்சிய டோபமைனைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்கின்றன. மெதில்பெனிடேட் என்னும் மருந்து இக்கடத்திகளை அடைப்பதால் டோபமைன் இடைவெளியில் அதிக நேரம் தங்குகிறது.

அப்படியானால் இக்குறைபாடுடையோரிடம் கடத்திகள் மிகுதியோ? ஆம் என்றனர் பாஸ்டன் ஆராய்ச்சியாளர்கள். 1999-இல் அவர்கள் ஆராய்ந்த ஆறு பெரியவர்களிடம் கடத்திகள் சுமார் 70 சதவிகிதம் மிகுந்திருந்தன. ஆனால் 2009-இல் நோரா வோல்கோவும் அவர் குழுவினரும், இம்மருந்தை உண்டறியாத 53 பேரையும் குறைபாடில்லாத 44 பேரையும், கதிரியக்கப் பொருளைச் சிறிதளவு செலுத்திப் படமெடுத்து ஒப்பிட்டனர். கண்டது நேர்மாறு! சில பகுதிகளில் ஏற்பிகளும் குறைவு, கடத்திகளும் குறைவு. முடிச்சு ஓரளவு அவிழ்ந்தது 2013-இல். மருந்துண்ணாத 18 பெரியவர்களுக்கு ஓராண்டு மெதில்பெனிடேட் கொடுத்தபின், அவர்தம் மூளையின் சில பகுதிகளில் கடத்திகள் 24 சதவிகிதம் கூடியிருந்தன. குறைபாட்டின் அடையாளம் என்று கருதியதில் ஒரு பங்கு மருந்தின் தடமாக இருக்கலாமன்றோ? "டோபமைன் குறைவு" என்று ஒரே வரியில் முடித்துவிடுவோரை நான் நம்பாததற்கு இதுவே காரணம்.

வோல்கோ குறைவு கண்ட பகுதிகள் ஊக்கத்தோடும் பலனை எதிர்நோக்குவதோடும் தொடர்புடையவை. சதுரங்கத்தில் ஒவ்வொரு காயும் உடனே பலன் தருகிறது. பாடப் புத்தகம் தேர்வு முடியும் வரை காக்க வைக்கிறது. நம் சதுரங்க நண்பரின் நிலை இப்போது அவ்வளவு விந்தையாகத் தோன்றாது.

ஆயினும் இவை யாவும் சராசரிக் கணக்குகளே. ஒருவர் மூளையைப் படமெடுத்து 'உண்டு', 'இல்லை' என்று சொல்ல இன்றும் இயலாது. தேர்வு நெருங்கும்போது பிறர் மாத்திரையை இரவல் வாங்கி விழுங்கிப் பார்ப்பதும் சோதனையாகாது. குறைபாடில்லாதவர் மூளையிலும் இம்மருந்து டோபமைனைக் கூட்டுகிறது. அத்துடன் நாடித் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் உயர்த்தவல்லது.

மருத்துவர் கேட்பது வாழ்க்கை வரலாற்றை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2013-ஆம் ஆண்டு வரையறைப்படி, சில அறிகுறிகளேனும் பன்னிரண்டு வயதுக்கு முன்பே தோன்றியிருத்தல் வேண்டும். பெற்றோரை விட்டு இவ்வளவு தொலைவில் இருக்கும் நமக்கு அதை உறுதி செய்வது சற்றுக் கடினம். ஐயமுடையோர் மனநல மருத்துவரைக் காணுமுன் அம்மாவிடம் தொலைபேசியில் விசாரிக்கலாம். ஊரிலிருந்து பழைய பள்ளி மதிப்பெண் அட்டைகளை வரவழைக்கலாம். அவற்றின் ஓரத்தில் ஆசிரியர்கள் எழுதிய குறிப்புகளை மருத்துவர் விரும்பிப் படிப்பார்.