இரண்டரை லட்சத்துக்கு ஒரு கிட்டார்: கடைக்குப் போறதுக்கு முன்னாடி

(எபிசோடைக் கேட்க நேரம் இல்லாதவங்களுக்காக, பேசினதைக் கொஞ்சம் சுருக்கி, சீர் செய்து இங்கே தந்திருக்கோம்.)

போன மாசம் ஒரு தம்பி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். ஆறு நிமிஷம் ஓடுது. வேளச்சேரியில ரூம், ஐ.டி. வேலை, சனி ஞாயிறுல ஒரு கவர் பேண்டுல வாசிக்கிறார். மூணு வருஷமா தனி அக்கவுன்ட்ல போட்டுப் போட்டு இரண்டரை லட்சம் சேர்த்திருக்கார். "கிப்சன் லெஸ் பாலா, அமெரிக்கன் ஸ்ட்ராட்டா, பிஆர்எஸ்ஸா? ஒண்ணு சொல்லுங்கண்ணா. படிச்ச கடன் இன்னும் பாக்கி இருக்கு, வீட்ல இந்தக் காசு இருக்கறதே தெரியாது. தப்பா வாங்கிட்டா மறுபடி வாங்க முடியாது."

அந்தக் கடைசி வரிக்காகத்தான் இந்த எபிசோட். ஏன்னா நான் தப்பா வாங்கியிருக்கேன். பேர் வேண்டாம், ஒரு பெரிய பிராண்டுதான். ஆன்லைன்ல படம் பாத்தே ஆர்டர் போட்டேன். டாப்புல மேப்பிள் மரத்தோட வரி, புலித்தோல் மாதிரி. வந்ததும் எடை பாத்தா நாலே முக்கால் கிலோ. உக்காந்து வாசிக்கிற வரைக்கும் சொர்க்கம். ரெண்டரை மணி நேர ஷோ ஒண்ணு முடிச்சதும் இடது தோள் மரத்துப் போச்சு. எட்டாவது மாசம் வித்தேன். எவ்வளவு நஷ்டம்னு இன்னும் வீட்ல சொல்லல.

சரி, விஷயத்துக்கு வருவோம். இவ்வளவு காசு எங்கே போகுது? நல்ல மரம், நல்ல சவுண்டுன்னுதான் எல்லாரும் நினைக்கிறோம். சவுண்டைப் பொறுத்தவரை நிஜம் கொஞ்சம் ஏமாற்றமானது. ஜிம் லில்னு ஒரு அமெரிக்க கிட்டாரிஸ்ட், பாடியும் நெக்கும் இல்லாம, ஸ்ட்ரிங்கை மட்டும் காத்துல இழுத்துக் கட்டி, கீழே ஒரு பிக்கப்பை வச்சு வாசிச்சு வீடியோ போட்டார். அதோட சவுண்ட் ஒரு முழு கிட்டாருக்கு ரொம்பப் பக்கத்துல இருந்தது. மரம் ஒண்ணுமே பண்ணாதுன்னு நான் சொல்ல வரல. ஆனா ஆம்ப்ளிஃபையருக்கு வெளியே வர்ற சத்தத்தைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது பிக்கப், அது ஸ்ட்ரிங்குக்கு எவ்வளவு கிட்ட இருக்கு, அப்புறம் ஆம்ப், ஸ்பீக்கர்.

அதிகக் காசு வாங்கித் தர்றது கைக்குக் கிடைக்கிற சுகம். ஃப்ரெட் ஓரங்கள் உரசாம உருட்டியிருக்கும். நட்டுல ஸ்ட்ரிங் சிக்காம ஓடும். ட்யூனிங் நிக்கும். அமெரிக்காவுல, ஜப்பான்ல வேலை பாக்கறவங்க சம்பளமும் அந்த விலையில இருக்கு. ஒரு கட்டத்துக்கு மேல நாம கொடுக்கிறது மரத்தோட அழகுக்கும் தலையில இருக்கிற பேருக்கும்தான். அதுவும் தப்பில்ல. எதுக்குக் கொடுக்கிறோம்னு தெரிஞ்சு கொடுக்கணும், அவ்வளவுதான்.

தம்பி கேட்ட மூணுல பெரிய வித்தியாசம் ஸ்கேல் நீளம். நட்டுல இருந்து பிரிட்ஜ் வரைக்கும் ஸ்ட்ரிங் அதிர்ற தூரம் அது. ஃபெண்டர்ல 25.5 அங்குலம், கிப்சன்ல சுமார் 24.75, பிஆர்எஸ் பெரும்பாலும் நடுவுல, 25. முக்கால் அங்குலம்தானேன்னு தோணும். நீளம் கூடக் கூட அதே சுருதிக்கு ஸ்ட்ரிங்கை இன்னும் இறுக்கணும். அதனால ஃபெண்டர்ல விரலுக்கு விறைப்பா இருக்கும். கிப்சன்ல பெண்டிங் இளகும். கடையில ஒரு குழப்பமும் வரும். ஃபெண்டர் சாதாரணமா 9 கேஜ் ஸ்ட்ரிங்கோட வரும், கிப்சன் 10 கேஜோட. மெல்லிசு ஸ்ட்ரிங் அந்த விறைப்பைக் குறைச்சுடும், வித்தியாசமே இல்லையேன்னு நீங்க நினைச்சுப்பீங்க.

அடுத்தது சத்தம் இல்ல, இரைச்சல். ஸ்ட்ராட்டுல இருக்கிறது சிங்கிள் காயில் பிக்கப். சுத்தி இருக்கிற கரன்ட் லைனோட 50 ஹெர்ட்ஸ் ரீங்காரத்தை அது ஆன்டெனா மாதிரி பிடிக்கும். 1955-ல கிப்சன் இன்ஜினியர் சேத் லவர் ரெண்டு காயிலை எதிரெதிரா சேர்த்து இதை அடக்கினார். ஹம்பக்கர்ங்கற பேரே அதனால வந்தது. நம்ம ஊர்ல இது ஏட்டு விஷயம் இல்ல. எர்த்திங் சரியில்லாத கல்யாண மண்டபத்துல, சீரியல் லைட்டுக்கு நடுவுல, டிஸ்டார்ஷன் போட்டு ஸ்ட்ராட் வாசிச்சுப் பாருங்க, பாட்டு நின்ன இடத்துல தேனீக் கூடு கேக்கும். இன்னைக்கு வர்ற பெரும்பாலான ஸ்ட்ராட்டுல ரெண்டாவது, நாலாவது சுவிட்ச் நிலையில ரெண்டு பிக்கப் சேர்ந்து அந்த இரைச்சலை அடக்கிடும். ஆனா ஸ்ட்ராட்டோட கண்ணாடி மாதிரி தெளிவு ஹம்பக்கர்ல வராது. தம்பியோட செட் லிஸ்ட்டைக் கேட்டேன். பாதி ராஜா, ரஹ்மான் பாட்டு, கிளீன் டோன். மீதி ராக். அப்போ ஹம்பக்கர் மட்டும்தான்னு இருக்க வேண்டியதில்ல.

லெஸ் பால் மேல எனக்கும் ஆசை இருக்கு. ஆனா ஒண்ணு சொல்லியே ஆகணும். அதோட தலை 17 டிகிரி பின்னால சாஞ்சிருக்கும். நெக் மஹோகனி. டிரஸ் ராடைத் திருகுறதுக்காக மெலிசான அதே இடத்துலதான் குடைஞ்சிருப்பாங்க. ஸ்டாண்டுல இருந்து பின்பக்கமா சரிஞ்சா தலை உடையற வாய்ப்பு அதிகம். நல்ல லூதியர் ஒட்டிடுவார், வாசிக்கலாம். ஆனா விக்கும்போது விலை விழுந்துடும். ஆட்டோவுல, சாஃப்ட் பேக்ல, மடியில வச்சு ஷோவுக்குப் போற ஆள் இதை யோசிக்கணும்.

ஃபிங்கர்போர்டு ரோஸ்வுட் என்கிறாங்களே, அது பல கிட்டார்ல நம்ம ஈட்டி மரம்தான். மேற்குத் தொடர்ச்சி மலையில வளர்றது. 2011-ல அமெரிக்க அதிகாரிகள் கிப்சன் தொழிற்சாலையில சோதனை போட்டது இந்தியாவுல இருந்து போன மரத்துக்காக. அடுத்த வருஷம் 3,00,000 டாலர் அபராதத்தோட அது முடிஞ்சது. 2017-ல ரோஸ்வுட் வகை எல்லாத்தையும் சைட்டிஸ் கட்டுப்பாட்டுல கொண்டுவந்தாங்க. 2019 கடைசியில முழுசா செஞ்ச இசைக்கருவிக்கு விலக்கு கொடுத்துட்டாங்க, பிரேசில் ரோஸ்வுட் தவிர. அதனால அமெரிக்காவுல இருக்கிற மாமா கையில கொடுத்து விடறதுக்கு மரம் இப்போ தடை இல்ல. கஸ்டம்ஸ் டூட்டி இருக்கு. வாரன்டி இங்கே செல்லுமான்னும் எழுத்துல கேட்டு வச்சுக்கோங்க.

கடையில என்ன பண்ணணும்? ப்ளக் பண்ணாம ஆரம்பிங்க. எல்லா ஃப்ரெட்டையும், எல்லா ஸ்ட்ரிங்லயும், ஒவ்வொண்ணா அழுத்திப் பாருங்க. போர் அடிக்கும், கடைக்காரர் ஒரு மாதிரி பாப்பார், பரவாயில்ல. பன்னெண்டாவது ஃப்ரெட்டுக்கு மேல முழு பெண்ட் போட்டா நோட் செத்துப் போகுதான்னு கேளுங்க. கடைசி ஸ்ட்ரிங் நெக் ஓரத்துல வழுக்கி விழுதான்னு பாருங்க. ட்யூன் பண்ணி, நாலு பெண்ட் போட்டு, ஓபன் ஜி கார்டு அடிங்க. மூணாவது ஸ்ட்ரிங் பிசகியிருந்தா நட்டுல சிக்குதுன்னு அர்த்தம். கிப்சன்ல ஸ்ட்ரிங் நட்டைத் தாண்டி பக்கவாட்டுல வளையறதால இது அடிக்கடி நடக்கும். பயப்பட வேண்டாம், செட்டப்புல சரியாகும். ஆனா சரி பண்ணிக் கொடுத்த அப்புறம்தான் காசு.

அப்புறம் ஸ்ட்ராப் போட்டு நின்னு அரை மணி நேரம் வாசிங்க. எடை மெஷின் கேளுங்க. ஒரே மாடல்ல ரெண்டு பீஸுக்கு அரைக் கிலோ வித்தியாசம் வரலாம். என் தோள் சாட்சி.

சென்னை ஆட்களுக்கு இன்னொண்ணு. கிட்டாருக்குப் பிடிச்ச ஈரப்பதம் ஏறக்குறைய 45-லிருந்து 55 சதவீதம். நம்ம ஊர்ல மழைக்காலத்துல அது எங்கேயோ போகும். ராத்திரி முழுக்க ஏசி போட்டா நேர் எதிர். மரம் சுருங்கி ஃப்ரெட் ஓரம் முள்ளு மாதிரி வெளியே நீட்டும். சுவத்துல மாட்டாதீங்க. கேஸ்ல வச்சு, உள்ளே ஒரு ஹைக்ரோமீட்டர் போட்டு வைங்க. சில நூறு ரூபாய்தான்.

இவ்வளவும் சொல்லிட்டு தம்பிகிட்ட கேட்டேன், இப்போ என்ன ஆம்ப்? பத்து வாட் பிராக்டிஸ் ஆம்ப், காலேஜ்ல வாங்கினது. ஷோவுல? "மிக்ஸர்ல நேரா சொருகிடுவேண்ணா."

இங்கேதான் எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. இரண்டரை லட்ச கிட்டாரை நேரா மிக்ஸர்ல சொருகினா, இருபதாயிரம் ரூபா கிட்டாருக்கும் அதுக்கும் வித்தியாசம் முன் வரிசைக்குக் கேக்காது. முதல்ல ஒரு நல்ல ஆம்ப், இல்லன்னா ஸ்பீக்கர் சிமுலேஷன் இருக்கிற ஒரு ப்ராசஸர் வாங்குங்கன்னேன். பழைய கிட்டாருக்கு நல்ல செட்டப் ஒண்ணு. ரெண்டு மாசம் அதுல ஷோ வாசிங்க. அப்பவும் கை ஏதாவது ஒண்ணைத் தேடுச்சுன்னா, அது என்னன்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். மீதிக் காசுல அதை வாங்குங்க.

நாலு நாள் பதில் இல்ல. கோச்சுக்கிட்டார்னு நினைச்சேன். போன ஞாயிறு ஒரு போட்டோ வந்தது. கடைக்குப் போயிருக்கார், எடை மெஷின் மேல சன்பர்ஸ்ட் லெஸ் பால், 4.4 கிலோ. கீழே ஒரு வரி: "கீழ வச்சுட்டேண்ணா, மனசே இல்ல." ப்ராசஸர் வாங்கிட்டார். பக்கத்துல மாட்டியிருந்த ஒரு டெலிகாஸ்டரை முக்கால் மணி நேரம் வாசிச்சாராம், அது 3.3 கிலோ. அடுத்த மாசம் மறுபடி போறார். இந்தத் தடவை தன்னோட ப்ராசஸரையும் தூக்கிட்டு.