சீனாவில் பிரதமருக்கு என்ன வேலை?

2020 மே 28. சீன நாடாளுமன்றக் கூட்டத்தொடர் முடிந்ததும் வழக்கம்போல் செய்தியாளர்களைச் சந்தித்தார் அப்போதைய பிரதமர் லி கெகியாங். நாட்டில் 60 கோடிப் பேரின் மாத வருமானம் வெறும் 1,000 யுவான் அளவில்தான் இருக்கிறது என்றார் அவர். அன்றைய மதிப்பில் பத்தாயிரம் ரூபாய்க்குச் சற்று அதிகம். கடும் வறுமையை அந்த ஆண்டுக்குள் ஒழிப்பதாகக் கட்சி உறுதி சொல்லியிருந்த நேரம் அது. சமூக ஊடகங்களில் விவாதம் பற்றிக்கொண்டது.

இன்று ஒரு சீனப் பிரதமர் அப்படிச் சொல்ல நினைத்தாலும், அந்த மேடையே இல்லை.

பிரதமரைத் தேர்ந்தெடுப்பது யார்?

சட்டப்படி அதிபர் பெயரை முன்மொழிவார். தேசிய மக்கள் காங்கிரஸ் ஓட்டுப் போட்டு ஏற்கும். 2023 மார்ச்சில் லி கியாங் தேர்வானபோது ஆதரவு 2,936, எதிர்ப்பு 3, நடுநிலை 8. நம்ம ஊரில் மக்களவையில் பெரும்பான்மை போனால் பிரதமர் பதவியும் போய்விடும். அங்கே ஓட்டெடுப்புக்கு முன்பே கட்சிக்குள் எல்லாம் முடிவாகியிருக்கும்.

அப்போ அவர் என்னதான் செய்கிறார்?

அமைச்சகங்களை நடத்துவது, பட்ஜெட், வேலைவாய்ப்பு எல்லாம் அவர் பொறுப்பு. ஆண்டுதோறும் மார்ச்சில் பொருளாதார வளர்ச்சி இலக்கை அறிவிப்பதும் அவரே. ஆனால், ராணுவம் அவர் கையில் இல்லை. கட்சிப் பொதுச் செயலாளர், அதிபர், ராணுவ ஆணையத் தலைவர் என மூன்று பொறுப்புகளும் ஷி ஜின்பிங்கிடம் இருக்கின்றன. சுருக்கமாகச் சொன்னால், கட்சி முடிவெடுக்கும். பிரதமர் செய்துகாட்ட வேண்டும்.

எப்பவுமே இப்படித்தானா?

கட்சிதான் மேலே என்பது 1949 முதல் 1976 வரை பிரதமராக இருந்த சூ என் லாய் காலத்திலும் உண்மை. ஆனாலும் 1998 முதல் 2003 வரை பிரதமராக இருந்த ஜு ரோங்ஜி, நஷ்டத்தில் ஓடிய அரசு நிறுவனங்களைச் சீர்திருத்தினார். பொருளாதாரம் பிரதமரின் களம் என்ற வழக்கம் இருந்தது. ஷி காலத்தில் அந்த முடிவுகளும் அவர் தலைமையிலான கட்சி ஆணையங்களுக்குப் போய்விட்டன.

2024-ல் மாறியது என்ன?

1993 முதல் ஆண்டுதோறும் நடந்துவந்த பிரதமரின் செய்தியாளர் சந்திப்பு நிறுத்தப்பட்டது. அதே கூட்டத்தொடரில், அமைச்சரவை கட்சியின் தலைமையை ஏற்றுச் செயல்பட வேண்டும் என்பது சட்டத்திலேயே எழுதப்பட்டது.

மக்களுக்கு இதில் என்ன நஷ்டம்?

அந்தச் சந்திப்பில் கேள்விகள் முன்கூட்டியே சரிபார்க்கப்படும் என்ற விமர்சனம் உண்டு. இருந்தும், 60 கோடி என்ற எண்ணிக்கை நாட்டுக்குத் தெரியவந்தது அங்கேதான். பதவி விலகிய ஏழே மாதத்தில், 2023 அக்டோபரில் லி கெகியாங் காலமானார். ஹெஃபெய் நகரில், அவர் சிறுவயதில் வாழ்ந்த வீட்டு வாசலில் மக்கள் கொண்டுவந்து வைத்த பூங்கொத்துகள் குவிந்தன.