செங்குழியத்துக்குள் ஒரு தபாற்கந்தோர்

கலம் ஒன்று தயாரிக்கும் புரதம் உரிய இடத்தைச் சென்றடையாவிட்டால் அதனால் பயனில்லை. மென்சவ்வுக்குரிய புரதங்கள் பெரும்பாலும் இறைபோசோமில் உருவாகும்போதே சிறிய அமினோ அமிலத் தொடர் ஒன்றைத் தாங்கி வருகின்றன. கடித உறையிலுள்ள முகவரி போன்றது அது. அதன்படியே புரதம் அகமுதலுருச் சிறுவலையில் சேர்க்கப்பட்டு, புடகங்களில் ஏறி, கொல்கி உபகரணம் வழியாக மென்சவ்வை அடைகிறது. இந்த முகவரி முறையைக் கண்டறிந்த குந்தர் புளோபெல் 1999 இல் நோபல் பரிசு பெற்றார்.

உயர்தர உயிரியலில் இதைப் படித்தபோது எனக்கொரு கேள்வி எழுந்தது. முதிர்ந்த செங்குழியத்தில் கருவுமில்லை, சிறுவலையுமில்லை, கொல்கியுமில்லை. அதற்குள் புகும் மலேரியா ஒட்டுண்ணி, தன் புரதத்தைச் செங்குழியத்தின் மேற்பரப்புக்கு எப்படி அனுப்புகிறது?

தபாற்கந்தோர் இல்லாத ஊரில் அது தானே ஒன்றைக் கட்டிக்கொள்கிறது! பல்சிபாரம் வகை ஒட்டுண்ணி ஒரு மென்சவ்வுப் பைக்குள் வாழ்கிறது. வெளியே போகவேண்டிய அதன் புரதங்கள் பலவற்றில் ஐந்து அமினோ அமில நீளமான ஓர் அடையாளம் இருப்பது 2004 இல் தெரியவந்தது. அப்புரதங்கள் பையின் சுவரிலுள்ள துவாரத்தால் வெளியேறுகின்றன. செங்குழியத்துக்குள் ஒட்டுண்ணி அமைக்கும் மென்சவ்வு மடிப்புகள் இடைத்தங்கல் நிலையங்களாகின்றன. முடிவில் செங்குழியத்தின் மேற்பரப்பில் சிறு முண்டுகள் தோன்றி, அவற்றில் ஒட்டும் புரதமொன்று பதிகிறது.

இத்தனை பாடும் எதற்கு? நோயுற்ற செங்குழியத்தை மண்ணீரல் அழித்துவிடும். ஒட்டும் புரதமோ குழியத்தைச் சிறு குருதிக்கலன்களின் சுவரில் பிடித்துவைத்து மண்ணீரலுக்குச் செல்லாமல் தடுக்கிறது. மூளையில் இவ்வாறு அடைபட்டால் நோயாளி நினைவிழக்கிறார். கர்ப்பிணியின் சூல்வித்தகத்தில் அடைபட்டால் சிசு பாதிக்கப்படுகிறது.

இவ்வழி தடைப்பட்டால் ஒட்டுண்ணி வலுவிழக்கும். அரிவாள் வடிவ ஈமோகுளோபின் பரம்பரையலகு ஒன்றை மட்டும் உடையவர்களின் செங்குழியத்தில் ஒட்டும் புரதம் குறைவாகவே மேற்பரப்பை அடைகிறது. கடும் மலேரியாவிலிருந்து அவர்கள் தப்புவதற்கு இதுவும் ஒரு காரணம். நீலகிரிப் பழங்குடியினரிடம் இந்த ஈமோகுளோபின் 1952 இல் கண்டறியப்பட்டது.

1934-35 இல் எமது நாட்டில் மலேரியாவால் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆனால் நோயைப் பரப்பும் நுளம்பு இன்னும் இங்குண்டு. எனவே தோழியரே, இந்தியாவிலோ ஆபிரிக்காவிலோ இருந்து வந்த உறவினருக்குக் காய்ச்சல் கண்டால், பனடோலோடு விட்டுவிடாமல் வைத்தியசாலையில் பயணத்தைச் சொல்லி இரத்தப் பரிசோதனை செய்விப்போம். ஒட்டும் புரதம் மேற்பரப்பை அடைய ஒரு நாள்கூட எடுப்பதில்லை.